அத்தியாயம் 7: கோடு போடும் நேரம்

ஒரத்தநாட்டுப் பக்கம் எங்கள் ஊர் நெல் கொள்முதல் நிலையத்தில் ஒரு பட்டியல் எழுத்தர் இருந்தார். அப்பாவோடு நெல் போடப் போகும் நாளில் அவருடைய மேசைக்குப் பக்கத்தில் நின்று வேடிக்கை பார்ப்பேன். தராசில் மூட்டை ஏறும். நாற்பது கிலோ சரியாக நின்றதும் லோடுமேன் எண்ணைக் கூவுவார். எழுத்தர் பேனாவைத் தூக்குவாரே தவிர எழுத மாட்டார். சாக்கின் வாயைத் தைத்து, மூட்டை தலையில் ஏறி, அடுக்கில் போய்த் தொம்மென்று விழுந்த பிறகுதான் தாளில் ஒரு கோடு விழும். நான்கு கோடு நின்றதும் ஐந்தாவதைக் குறுக்கே இழுப்பார்.

ஒரு நாள் பாதியில் மின்சாரம் போய் எலக்ட்ரானிக் தராசு அணைந்துவிட்டது. மின்சாரம் திரும்பியதும் அவர் தாளைப் பார்த்தார், எழுந்து போய் அடுக்கை எண்ணினார், இரண்டும் ஒத்துப்போனதும் உட்கார்ந்தார். தராசின் மேல் நின்ற மூட்டையை மறுபடி எடை போடச் சொன்னார். "எடை போட்டப்பவே எழுதிட்டா வேலை சுலபம்தானே அண்ணே?" என்று கேட்டேன். "மூட்டை அடுக்குல ஏறுனப்புறந்தான் கோடு போடுவேன் தம்பி. முன்னாடியே போட்டுப்புட்டு, நடுவுல மூட்டை எங்கயாச்சும் நின்னுபோச்சுன்னா யாருக்கு யாரு பதில் சொல்றது?" என்றார்.

பின்னாளில் நான் எழுதிய, செய்தியை வாங்கி வேலை செய்யும் கன்சூமர் நிரல்களில் வந்த பெரிய பிழைகளில் பாதி, அந்தக் கோட்டை முன்னாலேயே போட்டதால் வந்தவை.

சென்ற அத்தியாயத்தில் செய்தியை அனுப்பும் பக்கத்தை முடித்தோம். ஒவ்வொரு நிலையத்திலும் ஒரு பட்டியல் போட்டு முடிந்ததும் ஒரு செய்தி காஃப்காவுக்குப் போகிறது. இது பயிற்சிக்காக நாமே கட்டும் அமைப்பு. நிலையங்களை நடத்தும் நுகர்பொருள் வாணிபக் கழகத்தின் மென்பொருளைப் பற்றியதல்ல. ஒரு செய்தியில் இவை இருக்கும்: நிலைய எண், பருவம், பட்டியல் எண், விவசாயியின் பதிவு எண், சன்ன ரகம், 62 மூட்டை, ஈரப்பதம் 16.4, குவிண்டால் விலை 2,545 ரூபாய். ஊக்கத்தொகையையும் சேர்த்து 2025 செப்டம்பர் 1 முதல் தமிழகத்தில் சன்ன ரகத்துக்கு அறிவித்த விலை அது. 62 மூட்டை என்பது 24.8 குவிண்டால், தொகை 63,116 ரூபாய். இந்தத் தொகையை நினைவில் வையுங்கள், திரும்ப வரும். நம் கன்சூமர் இந்தச் செய்தியை எடுத்து, பணம் அனுப்பும் அட்டவணையில் ஒரு வரி சேர்த்து, விவசாயிக்கு ஒரு எஸ்எம்எஸ் அனுப்ப வேண்டும்.

வரிசையும் பேரேடும்

மெசேஜ் க்யூ என்றதும் டோக்கன் வாங்கி நிற்கும் வரிசைதான் மனதில் வரும். ராபிட் எம்க்யூவின் வழக்கமான க்யூவுக்கு அந்தப் படம் சரி. எடுத்த செய்திக்கு ஒப்புதல் சொன்னதும் அது வரிசையை விட்டுப் போய்விடும். காஃப்காவுக்கு அந்தப் படத்தை வைத்துக்கொண்டால் கடைசிவரை குழப்பம்தான். லிங்க்ட்இன் நிறுவனத்தில் உருவாகி 2011-இல் திறந்த மூலமாக வெளிவந்த காஃப்கா, அடிப்படையில் ஒரு பேரேடு. புதிய வரி கடைசியில் சேரும். படித்துவிட்டார்கள் என்பதற்காக எந்த வரியும் அழியாது. வைத்திருக்கும் காலக்கெடு முடிந்தால்தான் பழைய பக்கங்கள் போகும். அந்தக் கெடு, மாற்றாமல் விட்டால், 7 நாள்.

ஒரே பேரேட்டைப் பணப் பிரிவு படிக்கும், கிடங்குக்கு லாரி அனுப்பும் பிரிவு படிக்கும், தணிக்கை படிக்கும். ஒவ்வொருவரும் தான் படித்த இடத்தில் ஒரு விரல் வைத்திருப்பார்கள். அந்தப் பிரிவுக்குப் பெயர் கன்சூமர் குரூப். விரல் இருக்கும் இடத்துக்குப் பெயர் ஆஃப்செட். "இதுவரை முடித்துவிட்டேன்" என்று விரலை நகர்த்திப் பதிவுசெய்வதுதான் கமிட். ஒரு குரூப்பின் விரல் நகர்ந்தால் மற்ற குரூப்புக்கு ஒன்றும் ஆகாது.

ஒரு பேரேட்டுக்குப் பெயர் டாபிக். பேரேடு ஒன்றே ஆனாலும் அது பல பார்ட்டிஷன்களாகப் பிரிந்திருக்கும். கல்லணையில் வந்த தண்ணீர் காவிரி, வெண்ணாறு, கல்லணைக் கால்வாய் என்று பிரிகிற மாதிரி. வெண்ணாற்றுக்குள் முன்னே போன தண்ணீர் முன்னே போகும். ஆனால் வெண்ணாற்றில் போனதும் காவிரியில் போனதும் எது முந்தியது என்று யாரும் சொல்ல முடியாது. செய்தியும் அப்படித்தான்: பார்ட்டிஷனுக்குள் வரிசை மாறாது, பார்ட்டிஷன்களுக்கு இடையே வரிசை என்பதே கிடையாது. ஒரு நிலையத்தின் செய்திகள் வரிசை மாறாமல் வரவேண்டும் என்றால் நிலைய எண்ணையே சாவியாகக் கொடுக்க வேண்டும். ஒரு குரூப்பில் ஒரு பார்ட்டிஷனை ஒரு கன்சூமர்தான் படிக்கும். பார்ட்டிஷன் மூன்று இருக்க, நான்காவதாக ஒரு கன்சூமரை ஏற்றினால் அது சும்மாதான் இருக்கும்.

நூலகம்

காஃப்காவின் சர்வரான புரோக்கரோடு நேரடியாகப் பேசும் வேலையை நாம் எழுத வேண்டியதில்லை. அதற்குக் கிளையன்ட் லைப்ரரி இருக்கிறது. இந்தப் புத்தகம் பைத்தானில் போவதால் கன்ஃப்ளூயன்ட் காஃப்கா என்ற தொகுப்பை எடுத்துக்கொள்கிறோம். இதன் அடியில் சி மொழியில் எழுதிய லிப்-ஆர்டி-காஃப்கா ஓடுகிறது. ஜாவாவில் எழுதுபவர்களுக்குக் காஃப்காவோடு வரும் கிளையன்டே போதும். இரண்டும் ஒரே நெறிமுறையில் பேசினாலும் சில பழக்கங்கள் வேறு. அந்த வேறுபாடுதான் ஆளைக் கவிழ்க்கும். வரும் இடத்தில் சொல்கிறேன்.

அமைப்புகளின் பெயர்களை ஒலிப்பில் தருகிறேன். ஆவணத்தில் அவற்றைப் புள்ளி வைத்துப் பிரித்து எழுதியிருப்பார்கள்.

கன்சூமரை உருவாக்க நான்கு அமைப்புகள் போதும். புரோக்கரின் முகவரி. குரூப் ஐடி: நமக்கு "பணப்பிரிவு". ஆட்டோ ஆஃப்செட் ரீசெட்: "எர்லியஸ்ட்". எனேபிள் ஆட்டோ கமிட்: "ஃபால்ஸ்". பிறகு சப்ஸ்கிரைப் மூலம் டாபிக் பெயரைக் கொடுத்துவிட்டு, முடிவில்லாத ஒரு சுழலுக்குள் போல் என்ற செயல்பாட்டை ஒரு நொடிக் காத்திருப்போடு அழைக்க வேண்டும். எதுவும் வராவிட்டால் "நன்" திரும்பும், சுழலைத் தொடருங்கள். வந்ததில் பிழை இருந்தால் பதிவுசெய்யுங்கள். நல்ல செய்தி என்றால் வேலையைச் செய்து, முடிந்த பிறகு கமிட் செய்யுங்கள். சுழலை விட்டு வெளியேறும் எந்த வழியாக இருந்தாலும் "ஃபைனலி" பகுதியில் குளோஸ் கட்டாயம். குளோஸ் சொல்லாமல் செத்துப்போன கன்சூமருக்காகப் புரோக்கர் 45 நொடி காத்திருக்கும். அதுவரை அதன் பார்ட்டிஷனை வேறு யாரும் தொட முடியாது.

கமிட் செய்யும்போது செய்தியையே கொடுத்தால் நூலகம் அதன் ஆஃப்செட்டோடு ஒன்றைக் கூட்டிப் பதியும். நீங்களே எண்ணைக் கொடுத்தால் அந்த ஒன்றை நீங்கள்தான் கூட்ட வேண்டும், ஏனென்றால் கமிட்டில் இருப்பது அடுத்துப் படிக்க வேண்டிய வரியின் எண். இதை மறந்தால் ஒவ்வொரு முறை எழும்போதும் கடைசிச் செய்தி இன்னொரு தடவை வரும்.

எப்போது கோடு போடுவது

ஆட்டோ கமிட்டை ஏன் அணைத்தோம்? அணைக்காமல் விட்டால் 5 நொடிக்கு ஒரு தடவை நூலகம் தானே விரலை நகர்த்தும். எதுவரை நகர்த்தும் என்பதில்தான் விஷயம் இருக்கிறது. லிப்-ஆர்டி-காஃப்கா ஒரு செய்தியை உங்கள் கையில் கொடுக்கும்போதே "இதை முடித்தாயிற்று" என்று குறித்துக்கொள்கிறது. நீங்கள் அட்டவணையில் எழுதிக்கொண்டிருக்கும்போதே அந்த 5 நொடி வந்து கமிட் ஆகிவிடலாம். அடுத்த நொடியில் சர்வர் விழுந்தால்? செய்தி முடிந்ததாகக் காஃப்கா சொல்லும். அட்டவணையில் வரி இருக்காது. 63,116 ரூபாய் யார் கணக்கிலும் ஏறாது, எந்தப் பிழைப் பதிவிலும் தெரியாது. ஒரு மாதம் கழித்து அந்த விவசாயி சிட்டாவும் ரசீதும் எடுத்துக்கொண்டு அலுவலகப் படி ஏறும்போதுதான் தெரியவரும். ஜாவா கிளையன்டில் ஆட்டோ கமிட் அடுத்த போல் அழைப்பின்போதுதான் நடக்கிறது. அதனால் சுழலுக்குள்ளேயே வேலையை முடிப்பவர்களுக்கு இந்த ஓட்டை இல்லை. ஜாவா பழகியவர்கள் பைத்தானுக்கு வந்ததும் இந்த இடத்தில்தான் விழுகிறார்கள்.

ஒவ்வொரு செய்திக்கும் கமிட் செய்து பதிலுக்குக் காத்திருந்தால் வேகம் போய்விடும். சம்பா அறுவடை உச்சத்தில் அது தாங்காது. நான் இப்போது செய்வது இதுதான்: ஆட்டோ கமிட்டை "ட்ரூ" ஆக்கிவிட்டு, எனேபிள் ஆட்டோ ஆஃப்செட் ஸ்டோர் என்ற அமைப்பை "ஃபால்ஸ்" ஆக்குகிறேன். வேலை முடிந்த பிறகு ஸ்டோர் ஆஃப்செட்ஸ் அழைக்கிறேன். முடிந்தது எது என்று நான் சொல்கிறேன். அதை 5 நொடிக்கு ஒரு முறை புரோக்கருக்குக் கொண்டு சேர்ப்பதை நூலகம் பார்த்துக்கொள்கிறது. எழுத்தர் கோடு போடுகிறார், பட்டியல் தாள் சாயங்காலம் மேலே போகிறது. இரண்டும் தனித்தனி வேலை.

இப்படிச் செய்தால் செய்தி தொலையாது. ஆனால் திரும்ப வரும். அட்டவணையில் எழுதி முடித்து, கோடு போடுவதற்குள் சர்வர் விழுந்தால், எழுந்ததும் அதே செய்தி மறுபடி கையில் வரும். தொலைவதா, திரும்ப வருவதா என்று தேர்ந்தெடுக்கச் சொன்னால் எப்போதும் திரும்ப வருவதையே தேர்ந்தெடுங்கள். திரும்ப வந்ததைக் கண்டுபிடித்துத் தள்ளலாம். தொலைந்ததைக் கண்டுபிடிக்க வழியே இல்லை.

தள்ளும் வழி எளிது. நிலைய எண், பருவம், பட்டியல் எண் மூன்றையும் சேர்த்துப் பண அட்டவணையில் தனித்துவக் கட்டுப்பாடு போடுங்கள். போஸ்ட்கிரெஸ் என்றால் சேர்க்கும் கட்டளையின் கடைசியில் "ஆன் கான்ஃப்ளிக்ட் டூ நத்திங்". இரண்டாம் தடவை வந்த பட்டியல் சத்தமில்லாமல் ஒதுங்கும். பட்டியல் எண் நிலையத்திலேயே பிறக்க வேண்டும்; கன்சூமருக்குள் புதிதாக ஒரு எண்ணை உருவாக்கிச் சாவியாக வைத்தால் ஒவ்வொரு தடவையும் வேறு எண் வரும், கட்டுப்பாடு இருந்தும் பயனில்லை. எஸ்எம்எஸ் விஷயம் வேறு. போனதைத் திரும்ப அழைக்க முடியாது. அதனால் கன்சூமரில் எஸ்எம்எஸ் அனுப்பாதீர்கள். பண வரியைச் சேர்க்கும் அதே பரிவர்த்தனையில் "அனுப்ப வேண்டியது" என்று இன்னொரு அட்டவணையில் ஒரு வரி சேருங்கள். வேறொரு சின்ன நிரல் அதைப் பார்த்து அனுப்பட்டும். எப்போதாவது இரண்டு எஸ்எம்எஸ் போனால் பொறுத்துக்கொள்ளலாம். பணம் இரண்டு முறை போகக் கூடாது.

காஃப்காவில் 2017 முதல் "சரியாக ஒரு முறை" என்ற வசதி இருக்கிறதே என்று கேட்பீர்கள். இருக்கிறது. ஒரு டாபிக்கில் படித்து இன்னொரு டாபிக்கில் எழுதும் வேலைக்கு அது நல்ல வசதி. உங்கள் தரவுத்தளம் அதற்கு வெளியே நிற்கிறது. அங்கே தனித்துவக் கட்டுப்பாடுதான் காவல்.

ஐந்து நிமிடம்

என்னுடைய ஒரு தவறைச் சொல்கிறேன். நான் வேலை பார்த்த ஒரு இடத்தில் கன்சூமர் 500, 500 செய்தியாக எடுத்து வேலை செய்துகொண்டிருந்தது. ஒரு பிப்ரவரியில் தரவுத்தளம் மந்தமானது. ஒரு செய்திக்கு 0.8 நொடி. ஐந்நூறுக்கு 400 நொடி. இரண்டு போல் அழைப்புகளுக்கு நடுவே அதிகபட்சம் எவ்வளவு நேரம் போகலாம் என்பதற்கு ஒரு கெடு உண்டு: மேக்ஸ் போல் இன்டர்வல், மாற்றாவிட்டால் 5 நிமிடம், அதாவது 300 நொடி. பின்னணியில் 3 நொடிக்கு ஒரு துடிப்பு புரோக்கருக்குப் போய்க்கொண்டே இருந்தாலும் இந்தக் கெடு தனி. தாண்டினால் குரூப்பை விட்டு வெளியே. பார்ட்டிஷன் பக்கத்துக் கன்சூமருக்குப் போகும். முதல் கன்சூமர் 400-ஆவது நொடியில் வேலையை முடித்துக் கமிட் செய்ய வந்தால் "நீ இந்தக் குரூப்பில் இல்லை" என்று மறுப்பு. பக்கத்தில் இருப்பதும் அதே 500-ஐ எடுத்து, அதே 400 நொடி ஓடி, அதே மாதிரி வெளியேற்றப்படும். இரவு முழுக்க அந்த 500 செய்தி மட்டும் சுற்றிச் சுற்றி ஓடியது. எஸ்எம்எஸ்ஸை நான் கன்சூமருக்குள்ளேயே வைத்திருந்தேன். ஒவ்வொரு சுற்றுக்கும் ஐந்நூறு பேருக்கு ஒரே செய்தி. காலையில் ஒரு பெரியவர் போன் செய்து, "ராத்திரி பூரா பணம் வந்துச்சுன்னு சொல்லுதுய்யா, பேங்க்குல ஒண்ணையுங் காணுமே" என்றார். அந்தக் குரலை நான் மறக்கவில்லை.

சரிசெய்தது ஒரே வரியில்: ஒரு தடவைக்கு 100 செய்தி. அதே மந்தத்திலும் 80 நொடி. கெடுவை நீட்டுவதும் ஒரு வழி, ஆனால் உண்மையிலேயே தொங்கிப்போன கன்சூமரைக் கண்டுபிடிக்கவும் அத்தனை நேரம் ஆகும். எடுக்கும் அளவைக் குறைப்பதே நல்லது. தரவுத்தளமே விழுந்துவிட்டால் பாஸ் அழைத்துப் பார்ட்டிஷனை நிறுத்தி வைத்துவிட்டு, போல் அழைப்பதை மட்டும் விடாமல் தொடருங்கள். குரூப்பில் உங்கள் இடம் போகாது.

பருவ இடைவெளி

டெல்டாவுக்கென்றே ஒரு ஆபத்து இருக்கிறது. வருடம் முழுக்க ஒரே சீராக ஓடும் வியாபாரங்களுக்கு எழுதிய வழிகாட்டிகளில் இதற்கு அவ்வளவு இடம் கொடுக்க மாட்டார்கள். குறுவைக் கொள்முதல் முடிந்து பல நிலையங்களை மூடுவார்கள். சம்பா நெல் வர ஜனவரி ஆகும். இடையில் சர்வர் செலவு எதற்கு என்று கன்சூமரை நிறுத்திவைப்பது இயல்பு. ஆனால் ஒரு குரூப்பில் ஆளே இல்லாமல் 7 நாள் போனால், அதன் விரல் இருந்த இடத்தைப் புரோக்கர் மறந்துவிடும். ஜனவரியில் எழுப்பும்போது ஆட்டோ ஆஃப்செட் ரீசெட் சொல்வதுதான் நடக்கும். அதை மாற்றாமல் விட்டிருந்தால் இனி வருவதை மட்டும் படிக்கும். கன்சூமரை எழுப்புவதற்கு முன்பே வந்த முதல் பட்டியல்கள் அப்படியே தாண்டிப் போகும். அதனால்தான் தொடக்கத்திலேயே "எர்லியஸ்ட்" வைத்தோம். அது இருக்கும் பழையதையெல்லாம் மறுபடி படிக்கும். தனித்துவக் கட்டுப்பாடு இருப்பதால் கெடுதல் இல்லை. இன்னும் நல்ல வழி, ஒரே ஒரு கன்சூமரையாவது இடைவெளியிலும் ஓடவிடுவது. செய்தி வராவிட்டாலும் குரூப்பில் ஆள் இருக்கும்வரை விரல் அழியாது.

சாவியிலும் ஒரு கண்ணி இருக்கிறது. ஒரு நிலையத்தின் சில செய்திகளை ஜாவா நிரலும் சிலவற்றைப் பைத்தான் நிரலும் அனுப்பினால், ஒரே நிலைய எண் இரண்டு வேறு பார்ட்டிஷனுக்குப் போகக்கூடும். ஜாவா கிளையன்ட் சாவியை மர்மர்2 என்ற கணக்கில் பிரிக்கும், லிப்-ஆர்டி-காஃப்கா சிஆர்சி32 என்ற கணக்கில் பிரிக்கும். பைத்தான் பக்கம் பார்ட்டிஷனர் அமைப்பை "மர்மர்2 ரேண்டம்" என்று மாற்றினால் ஒத்துப்போகும். பார்ட்டிஷன் எண்ணிக்கையைப் பாதியில் கூட்டினாலும் சாவிகள் இடம் மாறும். பருவம் நடக்கும்போது கூட்டாதீர்கள்.

ஈர நெல்

நெல்லில் ஈரப்பதம் 17 சதவீதத்துக்கு மேல் இருந்தால் எடை போட மாட்டார்கள். பருவம் தப்பிய மழைக்குப் பிறகு 2023 பிப்ரவரியில் டெல்டாவுக்கு 20 வரை தளர்வு கிடைத்தது, அது விதிவிலக்கு. மீட்டர் 18.5 காட்டினால் என்ன நடக்கும்? அந்தக் குவியலைக் களத்தில் ஓரமாகப் பரப்பிக் காயவிடுவார்கள், அடுத்தவர் நெல் தராசுக்கு வரும். ஒருவருக்காக வரிசை நிற்காது. காய்ந்ததும் அவர் திரும்ப வருவார்.

செய்தியிலும் ஈர நெல் வரும். ஈரப்பதம் என்ற இடத்தில் எண்ணுக்குப் பதில் எழுத்து இருக்கும், பட்டியல் எண் வெறுமையாக இருக்கும். அதை எத்தனை தடவை முயன்றாலும் அதே பிழைதான். கோடு போடாமல் அங்கேயே நின்றால் அந்தப் பார்ட்டிஷனில் அதற்குப் பின்னால் இருக்கும் எல்லா விவசாயியின் பணமும் நிற்கும். அதனால் அதை இன்னொரு டாபிக்குக்கு, என்ன பிழை, எந்தப் பார்ட்டிஷன், எந்த ஆஃப்செட் என்ற குறிப்போடு அனுப்பிவிட்டு, அனுப்பியது உறுதியான பிறகு கோடு போட்டு நகருங்கள். ஒதுக்கியதைத் தினமும் ஒரு ஆள் கண்ணால் பார்க்க வேண்டும். பார்க்க ஆள் இல்லை என்றால், ஒதுக்குவதும் தூக்கி எறிவதும் ஒன்றுதான். இந்த வழி செய்தியே கெட்டிருக்கும்போது மட்டும். தரவுத்தளம் விழுந்ததற்காக நல்ல செய்திகளை ஒதுக்கித் தள்ளாதீர்கள்; அதற்குக் காத்திருப்பதே சரி.

கடைமடை

பேரேட்டின் கடைசி வரிக்கும் உங்கள் விரலுக்கும் உள்ள தூரம் லேக். காஃப்காவோடு வரும் கன்சூமர் குரூப்ஸ் கருவியில் "டிஸ்கிரைப்" கொடுத்தால் பார்ட்டிஷன் வாரியாகக் காட்டும். எண்ணைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். 2022-இல் மே 24 அன்று மேட்டூரைத் திறந்தார்கள், மே 27 அன்று கல்லணையைத் திறந்தார்கள். நடுவே போன மூன்று நாள் ஆற்றின் இயல்பு. கல்லணை திறந்தும் கடைமடை வாய்க்காலில் நாளுக்கு நாள் மட்டம் இறங்கினால் அங்கே போய்ப் பார்க்க வேண்டும். லேக்கும் அப்படியே: 2,000 என்று ஒரே இடத்தில் நின்றால் விடலாம், 200-லிருந்து மணிக்கு மணி ஏறினால் எழுந்து பாருங்கள். கூட்டுத்தொகையை மட்டும் பார்க்காதீர்கள். ஆறு பார்ட்டிஷனில் ஐந்து பூஜ்யமாகவும் ஒன்று மட்டும் ஏறிக்கொண்டும் இருந்தால், அறுவடை உச்சத்தில் இருக்கும் நிலையங்கள் ஒரே பார்ட்டிஷனில் விழுந்திருக்கும், அல்லது அங்கே ஒரு ஈர நெல் வழியை அடைத்திருக்கும்.

பயிற்சி

உங்கள் கணினியில் மூன்று பார்ட்டிஷன் கொண்ட ஒரு டாபிக்கும் இரண்டு கன்சூமரும் ஓடவிடுங்கள். 1,000 பட்டியல் அனுப்புங்கள். அதில் 10 பட்டியலை வேண்டுமென்றே இரண்டாம் தடவையும் அனுப்புங்கள், 5 கெட்ட செய்தியையும் கலந்துவிடுங்கள். அவை ஓடும்போதே ஒரு கன்சூமரைக் கில் மைனஸ் 9 கொடுத்துக் கொல்லுங்கள். குளோஸ் சொல்ல அதற்கு நேரம் கிடைக்கக் கூடாது. ஒரு நிமிடம் காத்திருந்து திரும்ப எழுப்புங்கள். மூன்று தடவை இப்படிச் செய்த பிறகு பண அட்டவணையில் வரிகளை எண்ணுங்கள். 1,000 இருக்க வேண்டும். ஒதுக்கிய டாபிக்கில் அந்த 5 கெட்ட செய்தியும் இருக்க வேண்டும். அங்கே ஏதாவது ஒன்று இரண்டு தடவை வந்திருந்தால் பரவாயில்லை. வரி 999 வந்தால் எங்கோ கோடு முன்னால் விழுகிறது. 1,001 வந்தால் தனித்துவக் கட்டுப்பாட்டின் சாவியைப் பாருங்கள். சரியாக வரும்வரை அடுத்த அத்தியாயத்தைத் திறக்க வேண்டாம்.